ஞாயிற்றுக்கிழமை யார் வீசுவது? 1978-இல் ஒரு நாலு நாள் தொடர்

பேஸ்பால் பார்க்க ஆரம்பித்த புதிதில் எனக்கு ஒரு விஷயம் விளங்கவே இல்லை. வார இறுதியில் ஒரு தொடர் வருகிறது என்றால், அமெரிக்க விளையாட்டுப் பக்கங்களில் முதலில் கண்ணில் படுவது ஒரு சின்னப் பட்டியல்தான். வெள்ளி இவருக்கு எதிராக அவர், சனி இவருக்கு எதிராக அவர், ஞாயிறு இவருக்கு எதிராக அவர். ஒவ்வொரு நாளும் இரண்டு பிட்சர்களின் பெயர், பக்கத்தில் சில எண்கள். பெரிய பெரிய பேட்டர்கள் பெயர் எல்லாம் அதற்குக் கீழேதான் வரும். பதினோரு பேரையும் சேர்த்துப் பார்த்தே பழகிய கிரிக்கெட் கண்ணுக்கு இது விசித்திரமாக இருந்தது.

போகப் போகத்தான் புரிந்தது, அந்தப் பட்டியலில் பாதித் தொடர் எழுதியிருக்கிறது. ஆனால் அதை எப்படிப் படிக்கணும் என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கு. எல்லோரும் "யார் நல்ல பிட்சர்?" என்று பார்ப்பார்கள். நான் இப்போ முதலில் பார்ப்பது, "கடைசி நாள் யார்?" என்பதை. ஏன் என்று சொல்வதற்கு 1978 செப்டம்பரில் நடந்த ஒரு தொடரை எடுத்துக்கொள்கிறேன். பாஸ்டன் ரெட் சாக்ஸும் நியூயார்க் யாங்கீஸும் பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் மோதிய நாலு ஆட்டம், வியாழன் முதல் ஞாயிறு வரை.

முதலில் கொஞ்சம் அடிப்படை. தெரிந்தவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போகலாம்.

கிரிக்கெட்டில் ஒரு அணிக்கு ஐந்தாறு பேர் மாறி மாறிப் பந்து வீசுவார்கள். ஒருத்தர் அடி வாங்கினால் அடுத்தவரிடம் பந்தைக் கொடுத்துவிட்டு, பத்து ஓவர் கழித்து மறுபடி கூப்பிடலாம். பேஸ்பாலில் அது கிடையாது. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சரை ஸ்டார்ட்டர் என்பார்கள். அவர் தொடர்ந்து வீசிக்கொண்டே போவார். ஒருமுறை வெளியே எடுத்துவிட்டால் அன்றைக்கு அவர் திரும்பி வர முடியாது. மிச்சத்தை புல்பென் என்ற காத்திருப்பு இடத்திலிருந்து வரும் ரிலீவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஸ்டார்ட்டர் நன்றாக வீசினால், அணி எடுக்க வேண்டிய 27 அவுட்டில் பெரும்பகுதி அவர் ஒருவர் கையிலிருந்தே வரும்.

சுமார் 18.4 மீட்டர் தூரத்துக்கு முழு வேகத்தில் நூறு பந்து வீசிவிட்டால் தோளும் முழங்கையும் அடுத்த நாள் ஒத்துழைக்காது. அதனால் ஸ்டார்ட்டர்கள் வரிசையாக வருவார்கள். இதுக்குப் பெயர் ரொட்டேஷன். இன்று ஐந்து பேர் வரிசை சகஜம். ஞாயிற்றுக்கிழமை வீசியவர் நாலு நாள் ஓய்வெடுத்து வெள்ளிக்கிழமை வருவார். சீசனில் 162 ஆட்டம், ஏறக்குறைய தினமும் ஆட்டம். ஆகவே ஒரு தொடரில் யார் யாரோடு மோதுவார்கள் என்பதை பயிற்சியாளரின் ஆசை தீர்மானிப்பது பாதிதான். மீதிப் பாதி காலண்டர். போன வாரம் மழையில் ஒரு ஆட்டம் தள்ளிப்போயிருந்தால்கூட இந்த வாரப் பட்டியல் மாறிவிடும்.

சரி, இப்போ 1978-க்குப் போவோம்.

ஜூலை 19 அன்று யாங்கீஸ் அணி பாஸ்டனைவிட 14 ஆட்டம் பின்தங்கி இருந்தது. அவ்வளவு தூரத்தை எட்டிப் பிடிப்பது யாரும் எதிர்பார்க்கிற காரியமில்லை. ஐந்து நாள் கழித்து அதன் மேனேஜர் பில்லி மார்ட்டின் ராஜினாமா செய்தார், அமைதியான மனிதரான பாப் லெமன் அந்த இடத்துக்கு வந்தார். யாங்கீஸ் ஜெயிக்க ஆரம்பித்தது. பாஸ்டன் பக்கம் காயங்கள். மூன்றாவது பேஸில் நின்ற புட்ச் ஹாப்ஸன் முழங்கையில் எலும்புத் துண்டுகளோடு ஆடிக்கொண்டிருந்தார், அவர் முதல் பேஸுக்கு எறிவது எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது. செப்டம்பர் 7, வியாழக்கிழமை காலையில் கணக்கு இப்படி நின்றது: பாஸ்டன் 86 வெற்றி 52 தோல்வி, யாங்கீஸ் 82 வெற்றி 56 தோல்வி. இடைவெளி 4 ஆட்டம். முன்னால் இருந்ததும் நாலு ஆட்டம்.

அந்தக் காலையில் நாம் உட்கார்ந்து பட்டியலைப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம்.

வியாழன்: யாங்கீஸுக்கு கேட்ஃபிஷ் ஹண்டர், பாஸ்டனுக்கு மைக் டோரெஸ்.
வெள்ளி: யாங்கீஸுக்கு ஜிம் பீட்டி, பாஸ்டனுக்கு ஜிம் ரைட்.
சனி: யாங்கீஸுக்கு ரான் கிட்ரி, பாஸ்டனுக்கு டெனிஸ் எக்கர்ஸ்லி.
ஞாயிறு: யாங்கீஸுக்கு எட் ஃபிகுவெரோவா, பாஸ்டனுக்கு... இதுக்கு அப்புறம் வருகிறேன்.

முதல் நாள். ஹண்டர் 1971 முதல் 1975 வரை ஐந்து வருஷம் வரிசையாக 20 ஆட்டத்துக்கு மேல் ஜெயித்தவர். ஆனால் 1978-இல் தோள் வலி, சர்க்கரை நோய் என்று பாதி சீசன் போயிருந்தது. டோரெஸ் கதை இன்னும் சுவாரஸ்யம். முந்தைய ஆண்டு உலகத் தொடரில் யாங்கீஸுக்காக இரண்டு ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தவர், அதில் ஒன்று கோப்பையை முடிவு செய்த ஆட்டம். பிறகு பாஸ்டனோடு ஒப்பந்தம் போட்டு எதிரணிக்கு வந்துவிட்டார். தாளில் பார்த்தால் அன்றைக்கு பாஸ்டனுக்கே கொஞ்சம் சாதகம் என்று சொல்லலாம்.

இரண்டாம் நாள் இரண்டு இளைஞர்கள். பீட்டி ஜூன் மாதம் இதே பாஸ்டனில் மோசமாக அடி வாங்கி, உடனே மைனர் லீகுக்கு அனுப்பப்பட்டவர். அதே மைதானத்துக்குத் திரும்ப வருகிறார். சமமான போட்டி என்று எழுதிவிட்டுப் போகலாம்.

மூன்றாம் நாள்தான் எல்லோரும் காத்திருந்த நாள். கிட்ரி லூயிசியானாவிலிருந்து வந்த ஒல்லியான இடது கைக்காரர். ஜூன் 17 அன்று கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 18 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்திருந்தார். அந்த சீசனை அவர் 25 வெற்றி, 3 தோல்வி, 1.74 ஈஆர்ஏ என்று முடித்தார். ஈஆர்ஏ என்றால் ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியாக எத்தனை ரன் கொடுத்தார் என்ற கணக்கு (ஃபீல்டர்களின் தவறால் போன ரன்களைக் கழித்துவிட்டு). 3-க்குக் கீழே இருந்தாலே நல்ல பிட்சர், 2-க்குக் கீழே அபூர்வம். எதிரே எக்கர்ஸ்லி, 23 வயது, அந்த வருஷம் 20 ஆட்டம் ஜெயித்தவர். சிங்கம் இந்தப் பக்கம், புலி அந்தப் பக்கம்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லிவிடுகிறேன். பிட்சர் பெயருக்குப் பக்கத்தில் போடும் வெற்றி தோல்வி எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அவர் நன்றாக வீசினாலும் அவருடைய அணி ரன் எடுக்கவில்லை என்றால் தோல்வி அவர் கணக்கில்தான் ஏறும். 2018-இல் நியூயார்க் மெட்ஸின் ஜேக்கப் டிகிராம் 1.70 ஈஆர்ஏ வைத்திருந்தார், லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதும் வாங்கினார். வெற்றி தோல்வி? 10-9. அந்த எண்ணை மட்டும் பார்த்தவன் "சுமார் பிட்சர்" என்று பக்கத்தைத் திருப்பியிருப்பான்.

இன்னொன்று மைதானம். ஃபென்வேயில் இடது பக்கம் சுமார் 11 மீட்டர் உயரத்தில் ஒரு பச்சைச் சுவர் நிற்கிறது. கிரீன் மான்ஸ்டர் என்பார்கள். உயரம் அதிகம், ஆனால் தூரம் குறைவு, 95 மீட்டர்கூட இல்லை. வலது கை பேட்டர்கள் இயல்பாக இடது பக்கம்தான் ஓங்கி அடிப்பார்கள். இடது கை பிட்சரின் பந்து வலது கை பேட்டர்களுக்குத் தெளிவாகத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்து, "இடது கை பிட்சரை ஃபென்வேயில் இறக்காதே" என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. கிட்ரி இடது கை. சனிக்கிழமைக்காக பாஸ்டன் ரசிகர்கள் நம்பிக்கையோடு இருந்திருந்தால் அதில் தப்பில்லை.

என்ன நடந்தது?

வியாழன் டோரெஸ் இரண்டாவது இன்னிங்ஸைத் தாண்டவில்லை. 15-3. வெள்ளி ரைட்டும் அதே இன்னிங்ஸில் வெளியே. ஜூனில் விரட்டப்பட்ட பீட்டி ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை நின்றார். பாஸ்டன் ஃபீல்டர்கள் 7 பிழை செய்தார்கள். 13-2. சனி, எல்லோரும் காத்திருந்த மோதல், மூன்று இன்னிங்ஸ்தான் மோதலாக இருந்தது. நாலாவதில் இரண்டு அவுட் ஆன பிறகு லூ பினெல்லா தூக்கி அடித்த ஒரு பந்து காற்றில் அலைந்து, சுற்றி நின்றவர்கள் நடுவே யாருக்கும் சிக்காமல் விழுந்தது. அதிலிருந்து பிடித்துக்கொண்டு அந்த இன்னிங்ஸில் மட்டும் 7 ரன். கிட்ரி மொத்த ஆட்டத்திலும் 2 ஹிட்தான் கொடுத்தார், இரண்டும் முதல் இன்னிங்ஸிலேயே. 7-0. பச்சைச் சுவர் அப்படியே நின்றது, அதனால் ஒரு பயனும் இல்லை.

மூன்று நாளில் மூன்று ஆட்டம் போயாச்சு. இடைவெளி 1. இப்போ ஞாயிறு.

நான் மேலே காலியாக விட்ட இடத்துக்கு வருவோம். பாஸ்டன் மேனேஜர் டான் ஸிம்மர் கையில் மூன்று வழிகள் இருந்தன.

ஒன்று, லூயிஸ் டியான்ட். கியூபாக்காரர், 37 வயது, பெரிய ஆட்டங்களில் நெஞ்சை நிமிர்த்தி நிற்பவர் என்று பெயர் வாங்கியவர். ஆனால் புதன்கிழமைதான் பால்டிமோரில் வீசியிருந்தார். ஞாயிறு இறங்கினால் மூன்று நாள் ஓய்வுதான்.

இரண்டு, பில் லீ. இடது கை. யாங்கீஸுக்கு எதிராக மட்டும் 12 வெற்றி, 5 தோல்வி வைத்திருந்தவர். ஆனால் அந்தக் கோடையில் வரிசையாக ஏழு ஆட்டம் தோற்று, ரொட்டேஷனிலிருந்து எடுக்கப்பட்டிருந்தார். அதோடு அவருக்கும் ஸிம்மருக்கும் ஆகவே ஆகாது. மேனேஜரைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பத்திரிகையில் சொல்கிற ரகம்.

மூன்று, பாபி ஸ்ப்ரவுல். 22 வயது, இடது கை. பெரிய லீகில் அதுவரை ஆடியது ஒரே ஒரு ஆட்டம், ஐந்து நாள் முன்னால். அதில் நன்றாகத்தான் வீசினார், தோற்றாலும்.

ஸிம்மர் ஸ்ப்ரவுலைத் தேர்ந்தெடுத்தார்.

இதை இன்று முட்டாள்தனம் என்று சொல்வது சுலபம். அன்றைய கணக்கில் போட்டுப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. யாங்கீஸில் மிக்கி ரிவர்ஸ், ரெஜ்ஜி ஜாக்ஸன், கிறிஸ் சாம்ப்ளிஸ், கிரெய்க் நெட்டில்ஸ் என்று நாலு இடது கை பேட்டர்கள். அவர்களுக்கு இடது கை பிட்சரைப் போடுவது பாடப்புத்தக விதி. முழு ஓய்வு எடுத்தவர் ஸ்ப்ரவுல். டியான்டை அவசரப்பட்டு இறக்கினால் அடுத்த வாரம் அவர் கை என்ன ஆகுமோ. விதிப்படி பார்த்தால் எல்லாம் சரி. ஆனால் ஐந்து நாள் முன்னால்தான் பெரிய லீகுக்கு வந்த பையன் தலையில், 14 ஆட்ட முன்னிலை கரைந்துபோன ஒரு ஊரின் மொத்த பயத்தையும் ஏற்றி வைக்கலாமா என்பதற்கு எந்த விதியிலும் இடம் இல்லை.

ஸ்ப்ரவுல் முதல் இரண்டு பேட்டர்களுக்கும் வாக் கொடுத்தார். வாக் என்றால் நாலு பந்து இலக்குக்கு வெளியே போய், பேட்டர் சும்மாவே நடந்து முதல் பேஸுக்குப் போவது. அடுத்தவரிடம் ஒரே பந்தில் இரண்டு அவுட் கிடைத்தது, மூச்சு வந்தது. பிறகு ஜாக்ஸன் ஒரு ஹிட், ஒரு ரன். அடுத்து ஒரு வாக், அதற்கு அடுத்து இன்னொரு வாக். ஸிம்மர் வெளியே வந்து பந்தை வாங்கிக்கொண்டார். இன்னிங்ஸில் மூன்றில் இரண்டு பங்குதான் ஆகியிருந்தது. அவர் விட்டுச்சென்ற இருவரும் நெட்டில்ஸ் அடித்த ஹிட்டில் ரன் எடுத்தார்கள். எதிர்ப்பக்கம் ஃபிகுவெரோவா, அந்த வருஷம் 20 ஆட்டம் ஜெயித்து, போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர்களில் அதைச் செய்த முதல் ஆள் ஆனவர். 7-4.

நாலு நாளில் மொத்தம் 42-9. ஹிட் கணக்கு 67-க்கு 21. இரண்டு அணியும் 86-56 என்று சமமாக நின்றன. அமெரிக்கப் பத்திரிகைகள் இதற்கு "பாஸ்டன் படுகொலை" என்று பெயர் வைத்தன. 1770-இல் அதே ஊரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தை நோக்கிச் சுட்ட சம்பவத்தின் பெயர் அது.

இப்போ நான் சொல்ல வந்த விஷயம்.

எல்லோரும் சனிக்கிழமை மோதலைத்தான் பெரிதாகப் பேசினார்கள். கிட்ரிக்கு எதிராக எக்கர்ஸ்லி. ஆனால் கிட்ரி வீசுகிற நாள் எந்த அணிக்கும் தோல்வி நாளாகத்தான் அமையும், அந்த வருஷம் முழுக்கவே அப்படி. அதை பாஸ்டன் கழித்துவிட்டே கணக்குப் போட்டிருக்கலாம். உண்மையில் பாஸ்டன் ஜெயிக்கக்கூடிய நாட்கள் மற்ற மூன்று. அதில் கடைசி நாளுக்கு அவர்களிடம் ஆள் இல்லை. அல்லது ஆள் இருந்தும் மேனேஜருக்கு அவர்மேல் நம்பிக்கை இல்லை. பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தால்தான் சமையல்காரன் எவ்வளவு அரிசி போட்டான் என்று தெரியும். ஒரு அணியின் முதல் பிட்சர் யார் என்பது ஊருக்கே தெரியும். நாலாவது, ஐந்தாவது ஆள் யார் என்பதில்தான் அதன் இருப்பு தெரியும்.

ஒரு ஆட்டத்தின் விலை என்ன என்றும் பார்த்துவிடுவோம். பாஸ்டன் அதோடு படுத்துவிடவில்லை. சீசனின் கடைசி எட்டு ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்தது. கடைசி நாளான அக்டோபர் 1 அன்று டியான்ட் டொராண்டோவை 2 ஹிட்டில் சுருட்டினார். அதே நாள் யாங்கீஸ் தோற்றது. அன்று அவர்களுக்கு வீசியவர் ஹண்டர். இரண்டு அணியும் 99 வெற்றி, 63 தோல்வி. சமம். செப்டம்பரின் அந்த நாலு ஆட்டத்தில் பாஸ்டன் ஏதாவது ஒன்றை, ஒன்றே ஒன்றை ஜெயித்து மற்றதெல்லாம் அப்படியே நடந்திருந்தால் 100-62, 98-64 என்று அங்கேயே முடிந்திருக்கும்.

முடியவில்லை என்பதால் அக்டோபர் 2, திங்கட்கிழமை, ஃபென்வேயில் ஒரு கூடுதல் ஆட்டம். மறுபடியும் இரண்டு பெயர்ப் பட்டியல்: கிட்ரிக்கு எதிராக டோரெஸ். டியான்ட் முந்தைய நாள்தான் வீசியிருந்தார், அவரை யோசிக்கவே முடியாது. கிட்ரி? அவர் மூன்று நாள் ஓய்வில் வந்தார். செப்டம்பர் 10 அன்று டியான்டுக்குப் போதாது என்று ஸிம்மர் நினைத்த அதே மூன்று நாள். லெமன் கொஞ்சமும் தயங்கவில்லை. கிட்ரி வழக்கம்போல் மிரட்டவில்லை, ஏழாவது இன்னிங்ஸில் வெளியேறினார், ஆனால் அணியை ஆட்டத்துக்குள் வைத்திருந்தார். டோரெஸ் ஏழாவது இன்னிங்ஸ் வரை 2-0 முன்னிலையில் அழகாக வீசிக்கொண்டிருந்தார். அப்போதுதான் பக்கி டென்ட், அந்த சீசனில் அதுவரை நாலே ஹோம் ரன் அடித்திருந்தவர், ஒரு பந்தை அந்தப் பச்சைச் சுவருக்கு மேலே அனுப்பினார். மூன்று ரன். ஆட்டம் 5-4, யாங்கீஸ். அந்த மாதமே அவர்கள் உலகத் தொடரையும் ஜெயித்தார்கள்.

ஸ்ப்ரவுல் பெரிய லீகில் அதற்குப் பிறகும் சில ஆட்டங்கள் ஆடினார், ஹூஸ்டனுக்காகவும். கடைசிவரை ஒரு வெற்றிகூட அவர் கணக்கில் ஏறவில்லை, 0-3. இந்தக் கதையைச் சொல்பவர்கள் அவரைத்தான் குறை சொல்வார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அந்த நாளுக்கு வேறு ஆள் இல்லாமல் போனதற்கு ஜூலையில் பட்ட காயங்களும், முறிந்த உறவும், காலண்டரும் காரணம். அந்தக் கடன் எல்லாம் சேர்ந்து வந்து ஒரு 22 வயதுப் பையன் பெயரில் எழுதப்பட்டது, அவ்வளவுதான்.

ஆகவே அடுத்த முறை ஒரு வார இறுதித் தொடரின் பட்டியல் கண்ணில் பட்டால் இந்த வரிசையில் படித்துப் பாருங்கள். முதலில் கடைசி நாள் பெயரைப் பாருங்கள். "இன்னும் முடிவாகவில்லை" என்று போட்டிருந்தால் அந்த அணி கஷ்டத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அடுத்து, ஒவ்வொருவரும் எத்தனை நாள் ஓய்வில் வருகிறார்கள் என்று எண்ணுங்கள். பிறகு எந்தக் கை, எந்த மைதானம். வெற்றி தோல்வி எண்ணை விட்டுவிட்டு ஈஆர்ஏ-வைப் பாருங்கள். முதல் இரண்டு நாளில் ஸ்டார்ட்டர்கள் சீக்கிரம் வெளியேறினால், மூன்றாம் நாளுக்கு புல்பென்னில் தெம்புள்ள கை எத்தனை மிச்சம் என்று கணக்குப் போடுங்கள். இரண்டு நட்சத்திரங்கள் மோதும் அந்த ஒரு நாளைக் கடைசியில் பார்த்தால் போதும். அதை எப்படியும் எல்லோரும் பார்க்கத்தான் போகிறார்கள்.